ஓலையைப் படமெடுத்த அன்றே பிரதி எடுங்கள்

செஞ்சி வட்டத்தில் உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப்பெயரோடு மடாதிபதிகள் வழிவழியாக வீற்றிருக்கும் இடம். மல்லிநாதர் கோயிலின் பாறைச் சிற்பங்களும் பார்சுவநாதர் கோயிலின் கோபுரமும் வருகிறவர்களின் கண்ணில் தாமாகவே படும். மடத்தில் காக்கப்படும் ஓலைச்சுவடிகள் அப்படிக் கண்ணில் படுபவை அல்ல. சுற்றுவட்டாரத்துச் சமண நயினார் குடும்பங்கள் சிலவற்றிலும் பாட்டன் காலத்துச் சுவடிக்கட்டுகள் இருக்கின்றன. இவற்றைப் படமெடுத்து வைப்பது நல்லது என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட ஞான பாரதம் இயக்கம், நாடெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை இலக்காகக் கொண்டிருக்கிறது. ஆனால் படம் எடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியாவது எடுத்த படத்தைக் காப்பதில் காட்டப்பட வேண்டும். எடுத்த அன்றே குறைந்தது மூன்று இடங்களில் இல்லாத படத்தை, எடுக்காத படமாகவே கருத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வேலைக்கு ஏற்றது, ஸ்டூடியோக்காரர்கள் டெதரிங் என்று சொல்லும் முறை. கேமரா கீழ்நோக்கிப் பார்க்கும்படி தாங்கியில் பொருத்தப்பட்டு, யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைக்கப்படுகிறது. ஏட்டின் ஒவ்வொரு பக்கமும் எடுத்த நொடியிலேயே பெரிய திரையில் தெரியும். எழுத்து தெளிவாக விழுந்ததா, ஓரம் வெட்டுப்பட்டதா என்று அப்போதே பார்த்துவிடலாம். கேமராவைக் கையால் தொடாததால் படம் அசையாது. இத்தனை வசதியோடு, வெளியில் தெரியாத ஓர் ஆபத்தும் இதில் இருக்கிறது. கேனான் நிறுவனத்தின் இஓஎஸ் யூட்டிலிட்டி மென்பொருளில், படத்தைக் கணினியில் மட்டும் சேமிப்பதா, கணினி, மெமரி கார்டு இரண்டிலும் சேமிப்பதா என்று தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு. சோனி கேமராக்களின் மெனுவிலும் இதே தேர்வு இருக்கிறது. கணினியில் மட்டும் என்று அமைந்திருந்தால், கேமராவில் கார்டு இருந்தாலும் அதில் ஒரு படமும் ஏறாது. நாள் முழுவதும் எடுத்த ஆயிரம் படங்களும் ஒரே மடிக்கணினியின் ஒரே வட்டில் இருக்கும். கார்டுதான் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் யாரும் கவலைப்படவும் மாட்டார்கள். சாதாரணமாகக் கார்டிலிருந்து படங்களை இறக்கும்போது இரண்டாம் பிரதியைத் தானாக எழுதித்தரும் மென்பொருள்கள்கூட, இணைத்து எடுக்கும்போது அந்த வசதியைத் தராமல் இருப்பதும் உண்டு.

வட்டு கெட்டால் என்ன, ஓலைதான் இருக்கிறதே, மறுபடி எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பழைய ஓலைக்கு அந்த வாய்ப்பு குறைவு. நெடுநாள் திறக்காத கட்டைப் பிரித்து, தூசி நீக்கி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, எழுத்து தெரியக் கரி பூசி, ஒவ்வோர் ஏடாகத் திருப்பும்போது பூச்சி அரித்த ஓரங்கள் உதிரத்தான் செய்யும். தேர்ந்த கைகளால் செய்தாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். அடுத்த முறை அதே ஏட்டை எடுக்கும்போது, முதல் படத்தில் இருந்த நான்கு எழுத்துகள் இல்லாமல் இருக்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து மனத்தளவில் நேர்வது. படம் எடுத்தாகிவிட்டது என்றதும் ஓலையின் மீதுள்ள கவனம் தளர்ந்துவிடும். படமும் தொலைந்து, ஓலையும் கவனிப்பாரின்றிப் போனால் நூலே போய்விடும்.

தனிப் பிரதியை நம்பியதன் விலை தமிழுக்குத் தெரியாததல்ல. சமணக் காப்பியமான வளையாபதியின் சுவடியைத் திருவாவடுதுறை மடத்தில் ஒருகாலத்தில் பார்த்ததையும், பின்னர் தேடியபோது அது கிடைக்காமல் போனதையும் உ.வே.சாமிநாதையர் சொல்லியிருக்கிறார். இன்று நம்மிடம் இருப்பது பிற நூல்களில் மேற்கோளாகச் சிதறிக் கிடந்த எழுபத்துச் சொச்சம் பாடல்களே. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் சாம்பலாயின. மாறாக, 10-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டுச் சமணப் பெருமாட்டி அத்திமப்பே, பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் ஓலைப் பிரதிகள் எழுதச்செய்து வழங்கினார். சமணர் போற்றும் நான்கு தானங்களில் சாஸ்திர தானம் ஒன்று. படியெடுத்துப் பரப்புவதை அறமாகவே கொண்ட மரபு அது. அந்த மரபின் நூல்கள் நம் காலத்தில் ஒரே ஒரு வட்டில் வந்து ஒடுங்குவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 என்ற விதி இதற்குப் போதுமானது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியூரில். இணைத்து எடுப்பவர்கள் முதலில் கணினி, கார்டு இரண்டிலும் பதியும் அமைப்பைத் தேர்ந்து, சோதனைப் படம் ஒன்று எடுத்து, கார்டைத் தனியே திறந்து பார்த்துவிட வேண்டும். இரண்டு கார்டு போடும் கேமராவில் ஒன்று நிறைந்தபின் மற்றொன்றுக்குப் போகும் முறையை விட்டு, இரண்டிலும் ஒரே படம் ஏறும் முறையை வைக்கலாம். ஒவ்வொரு கட்டு முடிந்ததும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் பிரதி எடுக்க வேண்டும். பிரதி எடுத்ததோடு நிற்காமல், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண்ணான ஹாஷ் மதிப்பை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால், பிரதி பழுதில்லை என்பதற்கு அதுவே சான்று. இரண்டு வட்டுகளில் சரிபார்க்கும்வரை கார்டை அழிக்கக் கூடாது. கணினியில் அழித்தால் மறுபக்கத்திலும் தானாக அழிந்துவிடும் ஒத்திசைவுச் சேவைகளைப் பிரதி என்று எண்ணிவிடவும் கூடாது.

வெளியூர் என்றால் எவ்வளவு தொலைவு? இந்த வட்டாரத்துக்கு விடை 2024-இல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது, புதுச்சேரியும் அதே நாளில் வெள்ளத்தில் மிதந்தது. மேல்சித்தாமூரில் ஒரு பிரதி, திண்டிவனத்தில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று என்று வைத்தால், மூன்றும் ஒரே புயலின் வழியில் இருக்கும். மூன்றாவது மதுரைக்கோ கோவைக்கோ போவது நல்லது.

இதற்கெல்லாம் நேரம் ஏது, கிராமத்தில் இணைய வேகம் ஏது என்பது நியாயமான மறுப்பு. ஆயிரம் ஏடுகளுக்கு இரண்டாயிரம் படங்கள். கேமரா சுருக்காமல் பதியும் மூலக் கோப்பான ரா கோப்பு ஒன்று 50 எம்பி என்று கொண்டால் மொத்தம் 100 ஜிபி. நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இதை ஏற்ற, தடையில்லாமல் போனாலும் 22 மணி நேரம் ஆகும். ஆகவே இணையத்தை நம்பி இருக்க வேண்டாம். ஹார்டு டிஸ்கைப் பேருந்தில் கொடுத்தனுப்புவதே விரைவான வழி. 100 ஜிபியை ஹார்டு டிஸ்கில் படியெடுக்க ஓர் உணவு இடைவேளை போதும். பிரதிகள் பெருகினால் புனித நூல்கள் தவறான கைகளுக்குப் போகாதா என்ற கவலையும் உண்டு. அது மதிக்க வேண்டிய கவலை. ஆனால் எத்தனை பிரதி என்பது வேறு, யார் திறக்கலாம் என்பது வேறு. கடவுச்சொல் இட்டுக் குறியாக்கம் செய்த வட்டை வெளியூரில் வைத்தாலும், அதைத் திறக்கும் உரிமை மடத்திடமோ குடும்பத்திடமோதான் இருக்கும்.

உரிமைகளைப் பொறுத்தவரை பலருக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. பழைய நூலுக்குப் பதிப்புரிமை முடிந்திருந்தாலும், புதிதாக எடுத்த படத்துக்கு யாரேனும் உரிமை கோர முடியும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் படைப்பாளி. அவர் ஊழியராக எடுத்திருந்தால் பொதுவாக நிறுவனத்துக்கு உரிமை. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது பிரிவு 17. ஆகவே இலவசமாக எடுத்துத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும். ரா கோப்புகள் உட்பட முழுப் பிரதி எப்போது நம் கைக்கு வரும், எத்தனை இடங்களில் இருக்கும், எதற்குப் பயன்படுத்தலாம் என்பவை அதில் இருக்க வேண்டும். சுவடியை மட்டும் ஊருக்கு வெளியே கொடுத்தனுப்ப வேண்டாம். 75 ஆண்டுக்கு மேற்பட்ட, இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடி 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு ஏற்றுமதி செய்வது குற்றம்.

படம் சாட்சியாகவும் நிற்கும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராசர், ஆஸ்திரேலியத் தேசியக் காட்சிக்கூடத்திலிருந்து 2014 செப்டம்பரில் திரும்பி வந்ததற்குப் பெருந்துணையாக இருந்தவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்துப் பாதுகாத்திருந்த படங்கள். அந்தப் படங்கள் அழிந்திருந்தால் உரிமையை நிறுவுவது மிகக் கடினமாகியிருக்கும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63, மின்னணுப் பதிவோடு தரவேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. எடுத்த அன்றே அந்த எண்ணைக் குறித்து வைத்தவருக்கு நீதிமன்றத்தில் வேலை எளிது.

படங்கள் தொலைந்தே போனால், முதலில் அந்தக் கார்டிலோ வட்டிலோ புதிதாக எதையும் எழுதக் கூடாது. அழிந்ததாகத் தெரியும் படம் மேலெழுதப்படும்வரை பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். கார்டில் பதிந்திருந்தால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி வட்டில் வாய்ப்பு குறைவு. பணம் கொடுத்து ஒப்படைத்த குடும்பம் என்றால், எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்குள் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். மடமோ அறக்கட்டளையோ என்றால் இந்த வழி உறுதியானதல்ல: அறக்கட்டளை நுகர்வோர் ஆகாது என்று 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றமும் ஒப்பந்தத்தின் வாசகங்களும்தான் துணை. ஆகவே படம் தொலைந்தால் யார் பொறுப்பு, மறுபடி எடுக்கும் செலவு யாருடையது என்ற இரண்டு வரிகளையும் முதல் ஏட்டைப் பிரிப்பதற்கு முன்பே அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.