மனைப் பிரிவும் அரசின் ஒப்புதலும்



இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி அமைந்தது எங்கள் மம்சாபுரம் பேரூராட்சி. இவ்வட்டாரத்துச் சாலையோரங்களில் கல் ஊன்றிக் கொடி கட்டிய நிலங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். நேற்று ஏர் உழுத பூமி இன்று வீட்டு மனையாகிறது. ‘நிலம் என்னுடையது, நான் பிரித்து விற்பதற்கு அரசின் ஒப்புதல் எதற்கு?’ என்று கேட்போரும் உண்டு. அக்கேள்விக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் 4 ஏக்கர், அதாவது 400 சென்ட் நிலம் இருப்பதாகக் கொள்வோம். சாலைகளுக்கு 100 சென்ட் விடுகிறார். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமாதலால், எஞ்சிய 300 சென்டில் பத்தில் ஒரு பங்கான 30 சென்டைப் பூங்கா போன்ற பொதுத் திறவிடத்துக்கு விட வேண்டும். மின்மாற்றி முதலியவற்றுக்கான சிற்றிடத்தைக் கணக்கில் சேர்க்காவிடில், மீதி 270 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே, 1,200 சதுர அடியுள்ள 98 மனைகள் கிடைக்கும். சாலையைக் குறுக்கி 50 சென்ட் மட்டும் விட்டு, பூங்காவே இல்லாமற் செய்தால் 127 மனைகள் கிடைக்கும். அந்த 29 மனைகளின் விலையே ஒப்புதலைத் தவிர்க்கத் தூண்டும் ஆசை. அந்த இலாபம் ஒருவருக்கு. நெரிசலும் தேங்கும் மழைநீரும் 127 குடும்பங்களுக்கு!

இதனைத் தடுக்கவே 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்புதல் நாடுவோர் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், மனைப்பிரிவு வரைபடம் ஆகியவற்றை அளிக்க வேண்டும். விளைநிலமாயின் அதனை மனையாக மாற்ற அனுமதி பெறுதல் வேண்டும். கண்மாய்க்கு நீர் செல்லும் வாய்க்கால் அந்நிலத்தில் உண்டா என்பதும் ஆராயப்படும். நகர் ஊரமைப்புத் துறை தொழில்நுட்ப ஒப்புதல் வழங்கும். சாலைகளையும் பொதுத் திறவிடத்தையும் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைத்த பின்னரே, பேரூராட்சி இறுதி அனுமதி தரும்.

இனிப் பத்திரப் பதிவைக் காண்போம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-அ என்னும் பிரிவு, 2016 அக்டோபர் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அனுமதியின்றி மனையாக்கப்பட்ட நிலத்தின் கிரயப் பத்திரத்தைச் சார் பதிவாளர் பதிவு செய்ய மறுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அதே மனை முன்னரே மனையாகப் பதிவானதென்று காட்டினால் விலக்குண்டு. அந்நாளுக்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகளும் வகுக்கப்பட்டன.

மற்றொன்றும் அறிதல் வேண்டும். மனைப்பிரிவு ஒப்புதல் என்பது நிலம் இன்னாருடையதே என்பதற்கு உறுதிச் சீட்டன்று. உரிமையைப் பத்திரங்களைக் கொண்டும் வில்லங்கச் சான்றைக் கொண்டும் தனியே ஆராய வேண்டும். அவ்வாறே பத்திரம் பதிவாகிவிட்டதனாலேயே மனைப்பிரிவு அனுமதி பெற்றதென்றும் கொள்ளலாகாது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியனாகிய என்னிடம், பழைய மாணாக்கர்கள் பத்திரங்களைக் கொண்டுவந்து படித்துக் காட்டச் சொல்வதுண்டு. நெடுங்காலத்துக்கு முன் மனை வாங்கிய ஒருவரின் வரைபடத்தில் முப்பதடிச் சாலை அழகாக வரையப்பட்டிருந்தது. ஆனால் அச்சாலை எவருக்கும் தானமாக எழுதித் தரப்படவில்லை. விற்றவர் பெயரிலேயே பட்டா நின்றது. பிற்காலத்தில் அவர் மக்கள் அதில் வேலி இட்டனர். கூலி வேலையில் சேர்த்த பணமெல்லாம் வழியற்ற ஒரு துண்டு நிலமாய்க் கிடந்தது. காகிதத்தில் வரைந்த கோடு சாலையாகிவிடுமா?

மாணவர்களே, உங்கள் இல்லத்துப் பெரியோர் மனை வாங்க முற்படும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். ஒப்புதல் எண் யாது? சாலை உள்ளாட்சியின் பெயரில் உள்ளதா? மூலப் பத்திரம் எங்கே? முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே கேட்க வேண்டியவை இவை. படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யத்தக்க உதவிகளுள் இது சிறிதன்று.