முனை முறியாத அரிசி

அர்ச்சனைக்கோ மங்கல நிகழ்ச்சிக்கோ அட்சதை தயாரிக்கும்போது, நம் இல்லங்களில் மூத்தோர் அரிசியை முறத்தில் பரப்பி, நொய்யையும் உடைந்த மணிகளையும் ஒதுக்குவர். முனை முறியாத மணிகளை மட்டுமே தேர்ந்து மஞ்சள் கலப்பர். அட்சதை என்னும் சொல்லின் மூலமான ‘அக்ஷதம்’ என்பதற்குச் ‘சிதைவு படாதது’ என்பதே பொருள். இறைவனுக்கு அளிப்பது குறைவற்றதாக இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சிறு செயலிலும் வெளிப்படுகிறது.

இன்று கடையில் வாங்கும் வெள்ளரிசியில் ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் சிறு பள்ளம் தென்படும். முளைவிட வேண்டிய கரு இருந்த இடம் அது. இயந்திரத்தில் தீட்டும்போது தவிட்டுடன் அந்தக் கருவும் உதிர்ந்துவிடுகிறது. ஆகவே, உடையாத அரிசி என்று நாம் தேர்ந்தெடுப்பதும் உண்மையில் முனை முறிந்ததே.

இந்த இழப்பைப் பற்றி ஓயாது எடுத்துரைத்த பெரியவர் ஒருவர், தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில் கழித்தார். அவர்தாம் ஜே.சி. குமரப்பா. 1892-ஆம் ஆண்டு தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்து, இலண்டனில் கணக்காய்வுப் பயிற்சியும் அமெரிக்காவில் பொருளியல் கல்வியும் பெற்றவர். காந்தியடிகளை 1929-இல் சந்தித்த பின் அவர் வாழ்வின் திசையே மாறிற்று. 1934-ஆம் ஆண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தொடங்கப்பெற்றபோது அதன் பொறுப்பை ஏற்று, வார்தாவில் பணியாற்றினார். பின்னர் 1953-இல் டி. கல்லுப்பட்டிக்கு வந்து, வெங்கடாசலபதி அவர்கள் 1940-இல் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், அவரும் மறைந்தார்.

கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம் ஆகிய மூன்றையும் குமரப்பா வலியுறுத்தியதற்குக் காரணம் பழமைப்பற்று அன்று, கணக்குத்தான். உரலும் உலக்கையும் உமியை நீக்கிவிட்டுத் தவிட்டின் பெரும்பகுதியை மணியிலேயே விட்டுவைக்கும். தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் அத்தகைய அரிசி விரைவில் சிக்குவாடை அடிக்கும், வண்டும் நாடும். நெடுநாள் இருப்பு வைக்க விரும்பும் வணிகத்துக்குத் தீட்டிய அரிசியே ஏற்றது. ஆனால் உண்பவருக்கு அதில் சத்துக் குறைவு. நெல் குத்திப் பிழைத்த கிராமத்துப் பெண்களுக்கோ கூலி இழப்பு. பெற்ற வெண்மைக்கு இவ்வளவு விலையா என்பதே அவர் எழுப்பிய வினா.

தவிட்டின் அருமையை மருத்துவ உலகம் அதற்கு முன்பே கண்டறிந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஜாவாத் தீவில் பணிபுரிந்த டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோற்றையே உண்ட கோழிகள் கால் தள்ளாடி விழுவதைக் கண்டார். தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை தேறின. மனிதரை வாட்டிய ‘பெரிபெரி’ நோயின் காரணம் அவ்வழியே துலங்கிற்று. தவிட்டிலும் கருவிலும் உள்ள தயமின் என்னும் வைட்டமின் குறைந்தால் நரம்பும் இதயமும் நலிவுறும். இந்த ஆய்வுக்காக எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

நம் முன்னோர் தயமின் என்ற பெயரை அறியார். ஆயினும் நெல்லைப் புழுக்கும் முறையை அறிந்திருந்தனர். நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது, மேலடுக்கில் உள்ள அந்த வைட்டமினின் ஒரு பகுதி மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. குன்னூரில் இயங்கிய உணவாய்வுக்கூடத்தில் அய்க்ராய்ட் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் இதனை ஆராய்ந்து உறுதி செய்தனர். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் அருந்திய பழக்கமும் பொருளுடையதே. நீரில் கரையும் சத்துகள் கஞ்சியோடு வெளியேறுகின்றன அல்லவா!

டி. கல்லுப்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமியில் ஒரு காலத்தில் அன்றாட உணவு கம்பும் சோளமும் குதிரைவாலியுமே. நெல்லுச்சோறு திருவிழாவுக்கும் விருந்துக்கும் உரியது. அதனால் வெண்சோறு செழிப்பின் அடையாளமாயிற்று; கம்பங்கஞ்சி வறுமையின் அடையாளமாயிற்று. விழா நாளில் உண்டதை நாள்தோறும் மூன்று வேளையும் உண்ணத் தொடங்கியதே நாம் செய்த பிழை.

திருக்கோயில் மடைப்பள்ளிகளோ முழுத் தானியத்தை மறக்கவில்லை. மதுரையை அடுத்த அழகர்கோயிலின் பிரசாதத் தோசைக்குத் தோல் நீக்காத கறுப்பு உளுந்துதான் சேர்க்கின்றனர். நவராத்திரிச் சுண்டலில் தோலுடன் கூடிய முழுக் கடலையும் பயறும் இடம்பெறுகின்றன. முருகப்பெருமானுக்குத் தேனும் தினைமாவும் படைக்கிறோம். பிரசாதமாகக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் இவ்வுணவை, வீட்டில் அன்றாட உணவாக ஏற்பதில் தயக்கம் ஏன்?

முதுமையில் இதன் பயன் மிகுதி. தவிடும் தோலும் தரும் நார்ச்சத்து மலச்சிக்கலைத் தணிக்கும். முழுத் தானியம் மெல்லச் செரிப்பதால், வெள்ளரிசியைப் போல இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்துவதில்லை. எனினும் அளவு தேவை. கைக்குத்தல் அரிசியானாலும் மாவுச்சத்து மாவுச்சத்தே. வெல்லமும் சர்க்கரைதான் என்பதை நீரிழிவு அன்பர்கள் மறக்கலாகாது. உண்டுவரும் மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. சிறுநீரகக் குறைபாடு உள்ளோர், தவிட்டில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் தமக்கு ஏற்குமா என்று மருத்துவரைக் கேட்ட பின்னரே மாற்றம் செய்க.

மாற்றத்தைச் சிறிது சிறிதாகத் தொடங்குவது நலம். முதலில் ஒரு வேளை உணவில் மட்டும் வெள்ளரிசியுடன் கால் பங்கு கைக்குத்தல் அரிசியைச் சேர்க்கலாம். அதனைத் தனியே மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, கூடுதல் நீர்விட்டுக் குழைய வேகவைத்தால், பல் இல்லாதவர்க்கும் எளிதாகும். ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவே வாங்குங்கள். வெள்ளிக்கிழமைப் பொங்கலைச் சாமையிலோ குதிரைவாலியிலோ செய்து நிவேதிக்கலாம். ஆண்டவனுக்குப் படைத்தது என்றால் பேரக்குழந்தைகளும் மறுக்காமல் உண்பர்.

உலக்கைச் சத்தம் நம் வீதிகளில் ஓய்ந்து நெடுங்காலமாயிற்று. அதனை மீட்பது நம்மால் இயலாது போகலாம். ஆனால் முறத்தின் முன் அமர்ந்து, முனை முறியாத மணியைத் தேடும் கண் இன்னும் நம்மிடம் உள்ளது. பூசைக்குக் காட்டும் அந்தக் கவனத்தில் சிறிது, உலையில் இடும் அரிசிக்கும் காட்டுவோம். உடம்பும் இறைவன் உறையும் ஆலயம் என்று நம்புகிறவர்கள் அல்லவா நாம்?