மூதாட்டியரும் தடுமாறா நடையும்

நமது சங்க உறுப்பினர் குடும்பங்களில் தார் சுற்றுதல், தவசம் புடைத்தல் முதலிய பணிகளை வயது முதிர்ந்த மகளிர் பலர் இன்றும் செய்து வருகின்றனர். அவர்களுள் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிடின், அக்குடும்பத்தின் தறி ஓய்கிறது. மருத்துவச் செலவு கடனாக ஏறுகிறது. அவர் முன்போல் எழுந்து நடமாடுவதும் அரிதாகிவிடக் கூடும். இக்காரணம் காட்டும் கடன் விண்ணப்பங்களைக் காணுந்தோறும், ‘வயதானால் விழுவது இயல்புதானே’ என்னும் சொல்லையும் உடன் கேட்கிறோம். அச்சொல் முழு உண்மையன்று என்பதை உறுப்பினர்கட்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நாம் தடுமாறாது நிற்பதற்குக் கண்ணும், உட்செவியும், பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வும் இடையறாது மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. கால் தசைகள் அதற்கேற்ப உடலைத் தாங்குகின்றன. வயது ஏற ஏற இவையாவும் தளர்கின்றன. மாதவிலக்கு நின்றபின் மகளிரின் எலும்புத் திண்மை விரைந்து குறைவதால், சிறு வீழ்ச்சியும் முறிவில் முடிதல் கூடும். ஒரு முறை விழுந்தவர் அச்சத்தால் நடமாட்டத்தைக் குறைக்கிறார், தசை மேலும் நலிகிறது, மீண்டும் விழுகிறார். இச்சுழலை அறுக்க வல்லது பயிற்சியே.

இதற்கு நல்லதொரு சான்று உண்டு. நியூசிலாந்தில் டனீடின் நகர மகளிரைக் கொண்டு ஒட்டாகோ பல்கலைக்கழக அறிஞர்கள் நடத்திய ஆராய்ச்சி 1997ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதில் பங்குகொண்ட 233 மகளிரும் 80 வயதை எட்டியோரும் கடந்தோருமாவர். ஏறத்தாழப் பாதிப்பேரின் இல்லங்கட்கு இயன்முறை மருத்துவர் முதல் இரு திங்களில் நான்கு முறை சென்று பயிற்சி கற்பித்தார். மற்றையோரிடம் நலம் விசாரித்தல் மட்டுமே நடைபெற்றது. ஓராண்டு முடிவில், பயிற்சி பெறாதோரிடையே 152 வீழ்ச்சிகளும், பெற்றோரிடையே 88 வீழ்ச்சிகளும் நிகழ்ந்திருந்தன. எண்பதிலும் காலம் கடந்துவிடவில்லை என்பது இதனால் விளங்கும்.

அவ்வகைப் பயிற்சிகளுள் கருவி வேண்டாத சிலவற்றைக் கீழே தருகிறோம்.

1. சுவரையோ தூணையோ பற்றி நின்று, குதிகால்களை மெல்ல உயர்த்தி இறக்குக, பத்து முறை.

2. முழங்கால் உயரமுள்ள, அசையாத நாற்காலியிலிருந்து எழுந்து மீண்டும் அமர்க. ஐந்து முறையில் தொடங்கிப் பத்தாக உயர்த்தலாம்.

3. ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல் நுனியைத் தொடுமாறு வைத்துப் பத்து விநாடி நிற்க. பழகியபின், ஒடுங்கிய வரப்பில் நடப்பதுபோல் அவ்வாறே சுவரோரமாகப் பத்து அடி நடக்க.

4. பற்றியபடியே ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க. பின்னர்க் காலை மாற்றுக.

5. சுவரைத் தொட்டவாறு பக்கவாட்டில் பத்து அடி சென்று திரும்புக.

தொடக்கத்தில் வீட்டார் ஒருவர் அருகில் நிற்றல் வேண்டும். மூச்சை அடக்கலாகாது. தலைசுற்றல், மார்புவலி ஆகியன தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக. அண்மையில் விழுந்தவரும், எலும்பு முறிந்தவரும் மருத்துவரைக் கேட்டபின்னரே தொடங்குக. ஈரமான முற்றம், இருண்ட படி, மறைப்பில்லாத தறிக்குழி ஆகியவற்றையும் வீட்டார் கவனித்துச் சீர்செய்தல் நன்று.

65 வயதைக் கடந்தோர் உடற்சமநிலைக்கும் தசை வலிமைக்கும் உரிய பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாட்களேனும் செய்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு பரிந்துரைத்துள்ளது. சிக்கன நிதியில் சிறுகச் சேர்ப்பது இடுக்கண் வந்துழி உதவுமன்றோ? இதுவும் அத்தகைய சேமிப்பே. இடையில் நிறுத்தினால் ஈட்டிய வலிமை கரைந்துவிடும்.

தனியே செய்வோர் விரைவில் சோர்ந்துவிடுவர். கூடிச் செய்வோர் ஒருவரையொருவர் ஊக்குவர். ஆதலின், நூல் பெறவும் துணி ஒப்படைக்கவும் சங்கத்திற்கு வரும் உறுப்பினர்கள், தத்தம் தெரு மூதாட்டியர் நால்வரை ஒரு திண்ணையில் கூட்டும் பொறுப்பை ஏற்பார்களாக. தமிழக அரசு 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பெற்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி, தக்காரிடம் பயிற்சிகளை ஒரு முறை நேரிற் கற்றுக்கொள்க. நமக்காக நெடுநாள் உழைத்த கால்கள் உறுதியுடன் நடக்கத் துணைநிற்றல் நம் கடமையாகும்.