தீப்பிடித்த மாளிகை... முந்தைய நாளுக்குத் திரும்பிய கதை!

1989 ஆகஸ்ட் 30. இங்கிலாந்தின் தெற்கே, சசெக்ஸ் குன்றின் உச்சியில் நிற்கும் 'அப்பார்க்' மாளிகையின் கூரையில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஈயத் தகடுகளை ஒட்டும் வேலை. பழுதுபார்ப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது, சாரம் பிரிப்பதுதான் பாக்கி. அந்த நேரத்தில் கூரையில் பயன்படுத்திய நெருப்பு, உள்ளேயிருந்த பழைய மரச் சட்டங்களில் பற்றிக்கொண்டது. சுமார் 300 வருட மரம். கேட்க வேண்டுமா?

மேலே கூரை எரிந்துகொண்டிருக்க, கீழே வீட்டுக்காரர்களும் ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களும் கைக்குக் கை மாற்றிச் சாமான்களை வெளியேற்றினார்கள். ஓவியங்கள், நாற்காலிகள், கம்பளங்கள், பீங்கான்கள் எல்லாம் புல்தரையில் குவிந்தன. கீழ்த்தளப் பொருட்களில் பெரும்பகுதி தப்பிவிட்டது. மேல் மாடியில் இருந்ததை எடுக்க வழியில்லை. கூரையும் மாடியும் இடிந்து கீழ்த்தள அறைகளுக்குள் விழுந்தன.

ஒரு பணக்காரர் வீடு எரிந்ததற்கு ஏன் இவ்வளவு பதற்றம்? அதற்கு இந்த வீட்டின் கதை தெரியவேண்டும்.

குன்றின் மேல் ஒரு செங்கல் வீடு

1690 வாக்கில் ஃபோர்டு கிரே என்ற பிரபு கட்டிய வீடு இது. அரசருக்கு எதிரான 1685 கலகத்தில் கலந்துகொண்டு, பிடிபட்டு, எப்படியோ தலை தப்பியவர் அவர். சிவப்புச் செங்கல் சுவர், ஓரங்களில் வெளிர்நிறக் கல், மேலே சாய்வான பெரிய கூரை, நடுவில் முக்கோண முகப்பு. கோட்டை கொத்தளம், கோபுரம் எதுவும் கிடையாது. பொம்மை வீடு வரையச் சொன்னால் குழந்தைகள் வரைவார்களே, கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். அடக்கமான அந்த அழகுதான் அப்பார்க்கின் பலம்.

குன்றின் உச்சியில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? பிரபுவின் தாய்வழித் தாத்தா எட்வர்ட் ஃபோர்டு, தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் இயந்திரங்களில் கெட்டிக்காரர். அந்த நுட்பம் இருந்ததால்தான் அங்கே வீடு கட்டும் துணிச்சல் வந்தது என்பார்கள்.

1747-ல் மாத்யூ ஃபெதர்ஸ்டன்ஹா என்பவர் இதை வாங்கினார். பெரும் சொத்து கைக்கு வந்த நேரம். மனைவி சாராவுடன் இத்தாலி வரை போய்க் கலைப்பொருட்களாக வாங்கிவந்து நிரப்பினார். வெள்ளையும் பொன்னுமாக ஒரு பெரிய கூடம், சிவப்பு வெல்வெட் போன்ற காகிதம் ஒட்டிய அறை... இன்றும் பார்ப்பவர்கள் வாய் பிளப்பது இவற்றைப் பார்த்துத்தான்.

பால்காரப் பெண் எஜமானி ஆனார்!

மாத்யூவின் மகன் ஹாரி ஆட்டம் பாட்டம் என்று வாழ்ந்தவர். கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. எழுபது வயதில், தன் வீட்டுப் பால்பண்ணையில் வேலைசெய்த மேரி ஆன் புல்லக் என்ற இளம்பெண்ணை மணக்கக் கேட்டார். அவளுக்கு வயது இருபதை ஒட்டி! "சம்மதம் என்றால் இப்போது பதில் சொல்லவேண்டாம், இன்று இரவு சாப்பாட்டுக்கு வரும் ஆட்டுத்தொடையில் ஒரு துண்டு வெட்டி அனுப்பு" என்றாராம். ஆட்டுத்தொடை வந்தது, ஒரு துண்டு குறைவாக. இது அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. 1825-ல் நடந்த திருமணம் மட்டும் கதையல்ல, வரலாறு.

மேரி ஆனைப் பாரிஸுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார் ஹாரி. 1846-ல் தொண்ணூறைத் தாண்டி இறந்தபோது, மாளிகை முழுவதையும் அவருக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார்.

இங்கேதான் திருப்பம். புதுப் பணம் வந்த எந்தப் பிரபு குடும்பமும் செய்வதுபோல, பழையதைத் தூக்கிப்போட்டுப் புது மோஸ்தருக்கு மாற்றவில்லை மேரி ஆன். ஹாரி விட்டுப்போனபடியே அத்தனையும் இருக்கட்டும் என்று இருந்துவிட்டார். 1874-ல் அவர் இறந்தபின் தங்கை ஃபிரான்சிஸ், 1895 வரை அதே வழி. இப்படியாக, பெரும்பாலான மாளிகைகள் மாறிப்போன ஒரு நூற்றாண்டில் அப்பார்க் மட்டும் அப்படியே இருந்தது. அதைக் காப்பாற்றியவர்கள் பால்பண்ணையிலிருந்து வந்த அக்கா தங்கை.

ஃபிரான்சிஸிடம் 1880 முதல் ஹவுஸ்கீப்பராக இருந்தவர் சாரா வெல்ஸ். அவருடைய பையன்தான் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். துணிக்கடையில் வேலை பழகப் பிடிக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நடந்தே அம்மாவிடம் முறையிட வந்த பையன். அந்த வீட்டுப் புத்தகங்கள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். சமையற்கட்டையும் குதிரை லாயத்தையும் வீட்டோடு இணைக்கும் சுரங்கப்பாதைகள் இங்கே உண்டு. வேலைக்காரர்கள் எஜமானர்கள் கண்ணில் படாமல் நடமாட. 'டைம் மெஷின்' நாவலில் பூமிக்கடியில் வாழும் கூட்டத்துக்கு இந்தச் சுரங்கங்களே வித்து என்று பலரும் சொல்வதுண்டு.

1930-களில் வந்த எஜமானி மெக் மீட்-ஃபெதர்ஸ்டன்ஹா, நைந்துபோன பட்டுத் திரைகளை மாற்றவில்லை. நம் பூந்திக்கொட்டைபோல நுரை தரும் சபோனேரியா என்ற செடியை வேகவைத்து, அந்தத் தண்ணீரில் அலசி, இழை இழையாகத் தைத்து மீட்டார். 1954-ல் மாளிகை 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்பிடம் வந்தது.

இடிப்பதா, எடுப்பதா?

இப்படி மூன்று பெண்கள் பொத்திப் பாதுகாத்ததுதான் ஒரே நாளில் கூரையிழந்து நின்றது. அப்படியே பாழாக விடலாம் என்றது ஒரு தரப்பு. திரும்பக் கட்டினால் அது வெறும் நகல், போலி என்றார்கள். டிரஸ்ட் வேறு முடிவெடுத்தது. வீட்டைத் தீக்கு முந்தைய நாள் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவருவது! பளபளவென்று புதிதாக அல்ல. மங்கலும் வெளிறலும் உட்பட.

சாம்பலையும் இடிபாட்டையும் பகுதி பகுதியாக ஆயிரக்கணக்கான குப்பைத்தொட்டிகளில் அள்ளிவைத்துச் சலித்தார்கள். சுதை வேலைப்பாட்டின் துண்டுகள், செதுக்கிய மரச் சில்லுகள், கதவுக் கைப்பிடிகள், நசுங்கிய விளக்குகள் கிடைத்தன. எந்தத் துண்டு எந்த இடத்தில் விழுந்தது என்ற குறிப்புதான் ஒட்டவைக்கும்போது வழிகாட்டி.

பெரிய சிக்கல், கைகள் கிடைக்காததுதான். ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் அச்சு இல்லாமல் பூவும் கொடியும் கையால் உருட்டி எடுக்கும் கலை இங்கிலாந்தில் ஏறக்குறைய மறைந்திருந்தது. சாந்தில் எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு மணல், எவ்வளவு ஆட்டு முடி என்பதையே முதலில் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. கொத்தர்கள் சுதை பழகினார்கள். மரச்சிற்பிகள் பழைய உளிப்போக்கைப் படித்தார்கள். புதிதாக அடித்த வண்ணம், பக்கத்திலிருக்கும் 18-ம் நூற்றாண்டு வண்ணத்தின் வெளிறலோடு சேரும்வரை கலந்து கலந்து பார்த்தார்கள். ஆறு வருட உழைப்பு. 1995-ல் கதவு திறந்தது.

'போலி' என்ற குற்றச்சாட்டு முழுதாக ஓய்ந்துவிடவில்லை. ஆனால் அந்த அறைகளில் இருப்பவை தீயில் தப்பிய அசல் சாமான்கள். சுவர்களிலும் பழையது நிறையவே மிச்சம். புதுச் சுதையும் 18-ம் நூற்றாண்டுக்காரர்கள் செய்த அதே முறையில் கையால் செய்தது. இதைப் போலி என்பது கொஞ்சம் அநியாயம்தான்.

இன்று அங்கே போகிறவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், அதிக நேரம் நிற்பது ஒரு பொம்மை வீட்டின் முன்னால். 1740-க்கு முன்பு செய்யப்பட்டது. சாரா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த சீர். சின்னஞ்சிறு வெள்ளித் தட்டுகள், சுவரில் விரலளவு ஓவியங்கள், மாடியில் எஜமானர்கள், கீழே சமையலறையில் வேலைக்காரர்கள். தீயிலிருந்து தப்பிய பொருட்களில் அதுவும் ஒன்று.