கையால் ஒரு பொங்கல் வாழ்த்து

மார்கழி பிறந்துவிட்டால் கடைவாசல்களில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் வரிசையாகத் தொங்கிய காலம் உண்டு. சிவகாசியில் அச்சான கரும்பும் காளையும் பொங்கல் பானையும் தபாலேறி, மும்பையின் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்து சேர்ந்தன. கைபேசி அந்தப் பழக்கத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. அதை மீட்க அச்சகம் தேவையில்லை. நம் கைகளே போதும்.

வாழ்த்து அட்டையின் வலிமையை மும்பை அறியும். ஏர் இந்தியா விமானப் பணியாளர் ரிப்பன் கபூர், 1979இல் நண்பர்கள் அறுவரோடு சேர்ந்து வெறும் 50 ரூபாயில் ‘கிரை’ அமைப்பைத் தொடங்கினார். அதன் குழந்தைநலப் பணிகளுக்குப் பணம் திரட்டித் தந்தது வாழ்த்து அட்டை விற்பனை.

அட்டை செய்ய ஏற்ற கைக்காகிதத்திலோ ஒரு தமிழரின் உழைப்பு இருக்கிறது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா, பம்பாயில் தணிக்கையாளராக இருந்தவர். 1929இல் காந்தியைச் சந்தித்தார். 1934இல் உருவான அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் வழியே கைக்காகிதத் தொழிலுக்குப் புத்துயிர் ஊட்டினார். ராஜஸ்தானின் சாங்கனேரிலுள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது. பருத்தித் துணிக் கழிவில் செய்யும் இத்தாளுக்காக மரம் வெட்ட வேண்டியதில்லை.

செய்வது எப்படி?

தடித்த தாளை மடிக்குமுன், மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோட்டை அழுத்தி வரையுங்கள், மடிப்பு வெடிக்காது. அச்சுக்கு வெண்டைக்காயே போதும். குறுக்கே நறுக்கினால் ஐந்து இதழ்ப் பூ தயார். ஈரத்தை ஒற்றியெடுத்து, வண்ணத்தில் தொட்டு, ஆட்டாமல் அழுத்தி நேராகத் தூக்க வேண்டும். கரும்பையும் பானையையும் பென்சில் ரப்பரில் செதுக்கலாம். எழுத்தென்றால் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.

அடுத்து ரிப்பன். வரிவரியாக மேடுபள்ளம் உள்ள ரிப்பன், சணல் நாடா, பழைய புடவையின் சரிகைக் கரை எல்லாமே அழகுதான். பசை ஊறிக் கறை படியும் என்பதால் இருபக்கமும் ஒட்டும் டேப் நல்லது. நுனியைச் சாய்வாக வெட்டினால் நூல் எளிதில் பிரியாது. முடிச்சுப் போடாமல் தட்டையாக ஒட்டினால் உறை புடைக்காது. எடை 20 கிராமைத் தாண்டினால் கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டும்.

நூறு பேருக்கு ஒரே நொடியில் அனுப்பும் படத்தில் அனுப்புகிறவரின் உழைப்பு இல்லை. கையால் செய்த அட்டையில், ஒருவருக்காகவே ஒதுக்கிய நேரம் இருக்கிறது. இந்தத் தைக்கு, பிள்ளைகளை உடன் உட்காரவைத்து ஓர் அட்டையாவது செய்யுங்கள். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிக்கு பிள்ளைகளின் கையாலேயே தமிழில் முகவரி எழுதித் தபாலில் சேருங்கள்.