மோட்டார் சைக்கிளின் முன்கால்கள்



ஓரிக்கையிலிருந்து பாலாற்றைக் கடந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில் பேருந்துக்குக் காத்து நிற்கும்போது ஒரு காட்சியை நாங்கள் பலமுறை கண்டதுண்டு. வேகத்தடையருகே வரும் மோட்டார் சைக்கிள், பிரேக் பிடித்ததும் மூக்கைத் தரையில் குத்துவதுபோல் குனியும்; தடையைத் தாண்டியதும் எழும். ஏன் குனிகிறது, எப்படி எழுகிறது என்று சென்ற ஆடி மாதம் வரை நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியை அவள் அண்ணன்தான் நாள்தோறும் பள்ளியில் கொண்டுவந்து விடுவார். பந்தய வண்டியின் சாயல் கொண்ட மோட்டார் சைக்கிள் அது. ஒருநாள் காலை பள்ளி வாயிலருகே பிரேக் பிடிக்கவில்லை. வண்டி சறுக்கிக்கொண்டு போய் வேலியோரம் நின்றது. நல்லவேளை, இருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. முன்காலிலிருந்து கசிந்த எண்ணெய் பிரேக் வட்டின்மேல் படிந்திருந்தது!

அன்று மாலை அவர்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம். வண்டியை விற்றுவிடு என்றார் அப்பா. அண்ணனோ, சேர்த்து வைத்த பணத்தில் உடைத்த பந்தய வண்டி ஒன்றின் 'தலைகீழ் ஃபோர்க்'கை வாங்கி மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்றார். யார் சொல்வது சரி? எங்கள் அறிவியல் ஆசிரியை மெக்கானிக் ஒருவரை அறிவியல் மன்றத்துக்கு அழைத்தார்கள். அவர் பிரித்த முன்கால் ஒன்றைக் கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஆய்வகம் முழுவதும் எண்ணெய் நாற்றம்.

முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்து நிற்கும் இரு கால்களையே ஃபோர்க் என்கிறோம். ஒவ்வொரு காலும் ஒன்றனுள் ஒன்று நுழையும் இரு குழாய்கள். உள்ளே நீண்ட ஸ்பிரிங், துளையிட்ட தண்டு ஒன்று, கொஞ்சம் எண்ணெய். அவ்வளவுதான். ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது. ஆனால் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி பந்துபோல் துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளும் நேரமெல்லாம் டயர் தரையை விட்டு எழும். தரையைத் தொடாத டயருக்குப் பிரேக் ஏது? அந்தத் துள்ளலை அடக்குவதே எண்ணெயின் வேலை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் எளிதாக இறங்கும். வேகமாக அழுத்தினால் கை வலிக்கும். சிறு துளை வழியே பிதுங்கும் எண்ணெயும் அப்படித்தான் தடுக்கிறது.

எண்ணெயால் துள்ளலை அடக்கும் இத்தகைய ஃபோர்க்கை விற்பனை வண்டியில் முதலில் பொருத்தியது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், 1935இல். 1955இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கிய புல்லட்டுக்கும் இவ்வகைக் கால்களே. இன்று அந்த வண்டிகள் நம் மாவட்டத்து ஒரகடத்திலும் வல்லத்திலும் தயாராகின்றன.

வெறும் துளைக்கு ஒரு குறை உண்டு. எண்ணெயின் வேகம் இரட்டித்தால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே மெதுவாகக் குனியும்போது அடக்கம் போதாது. திடீர்ப் பள்ளத்திலோ கால் இறுகி, அடி நேரே கைக்கு வரும். உயர்தர ஃபோர்க்குகளில் துளையை மெல்லிய எஃகு வட்டுகளின் அடுக்கு மூடியிருக்கும். பெரிய அடி விழும்போது வட்டுகள் வளைந்து எண்ணெய்க்கு வழிவிடும். ஃபோர்க்கை 'மேம்படுத்துவது' என்பதன் உயிர்நாடி இதுவே. வெளியே தெரியும் தங்க நிறக் குழாய் அல்ல.

ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டி 2017இல் தலைகீழ் ஃபோர்க்குடன் வந்தது. தடித்த குழாய் மேலேயும் மெலிந்தது கீழேயும் இருப்பதால் இந்தப் பெயர். பிரேக் பிடிக்கும்போது வளைக்கும் விசை மேற்பகுதியில்தான் மிகுதி. அங்கே தடித்த குழாய் நின்றால் கால் வளையாது. 2021 முதல் விரும்பியவர்கள் கூடுதல் பணம் கட்டி, ஸ்பிரிங்கின் முன்னிறுக்கம், அமுங்கும் வேகம், எழும் வேகம் ஆகிய மூன்றையும் தாமே திருகி மாற்றிக்கொள்ளும் ஃபோர்க்கைப் பெறலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. எதற்கு இத்தனை திருகு? நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் வழவழப்பான தரைக்கு விறைப்பான கால் வேண்டும். 2019இல் பாஹா உலகக் கோப்பையில் மகளிர் பிரிவில் வென்ற நம் நாட்டு ஐஸ்வர்யா பிஸ்ஸே ஓடியது போன்ற மணலுக்கும் கல்லுக்கும் நீண்டு அமுங்கும் கால் வேண்டும். (அவர் பெயரைச் சொன்னதும் கடைசி வரிசையில் கைதட்டல்!)

அப்படியானால் அண்ணன் ஆசைப்பட்டது சரிதானே என்றோம். மெக்கானிக் தலையை ஆட்டினார். மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சக்கரம், தன்னைத் திருப்பும் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால்தான் நேரே ஓடுகிறது. மோட்டார் சைக்கிளின் முன்டயரும் அப்படியே, திருப்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடுகிறது. வேறு வண்டியின் ஃபோர்க் ஓர் அங்குலம் குட்டையாக இருந்தாலும் அந்த இடைவெளி சுருங்கும், கைப்பிடி நிலைகொள்ளாது. மேலும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாதென்கிறது.

அவர் முதலில் கேட்டது ஓர் அளவுகோல். சக்கரம் தரையைத் தொடாதபோது காலின் வெளித்தெரியும் நீளத்தை அளந்தார். பிறகு அண்ணன் ஏறி அமர்ந்ததும் மீண்டும் அளந்தார். இரண்டுக்கும் வித்தியாசம் 48 மில்லிமீட்டர். 120 மில்லிமீட்டர் அமுங்கக்கூடிய காலுக்கு 30 முதல் 40 வரைதான் இருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. முன்னிறுக்கத்தைக் கூட்டினால் போதாதா என்று ஒருத்தி கேட்டாள். அது உயரத்தைத்தான் தூக்கும், ஸ்பிரிங்கை வலுவாக்காது. பலரும் தவறாக எண்ணும் இடம் இது.

ஆகவே அண்ணனின் எடைக்கேற்ற புது ஸ்பிரிங், இரு காலுக்கும் புது ஆயில் சீல், பிரேக்குக்குப் புதுக் கட்டைகள், கையேட்டில் சொன்ன அளவுக்குப் புது எண்ணெய். எண்ணெயை ஊற்றுவதிலும் ஒரு நுட்பம். மேலே மிஞ்சும் காற்று, கால் அமுங்க அமுங்க நெருக்கப்பட்டு, இன்னொரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது (பாயில் விதி, தோழியரே!). எண்ணெய் அதிகமானால் காற்றுக்கு இடம் குறைந்து கால் விறைக்கும். ஆற்று மணலும் தூசியும் படிந்த குழாய்தான் சீலைக் கிழிக்கிறது; தினமும் ஈரத்துணியால் துடைத்தாலே சீல் நெடுநாள் வரும். செலவு, தலைகீழ் ஃபோர்க்கின் விலையில் சிறு பங்குதான்.

புது ஸ்பிரிங்குடன் அளந்தபோது 36 வந்தது. பின்னால் தங்கையைப் புத்தகப் பையோடு ஏறச் சொன்னார்கள். நாங்கள் 45ஆவது வருமென்று பந்தயம் கட்டினோம். வந்தது 38! பின்னால் அமர்பவரின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்துக்கே போகிறதாம்; பிரேக் பிடிக்கும் கணத்தில்தான் அது முன்னே பாய்கிறது. அதைச் சோதிக்க, யாருமில்லாத மைதானத்தில் அண்ணன் மட்டும் முதலில் பத்து முறை ஓட்டி நிறுத்திக் காட்டினார். பதினோராம் முறைதான் அப்பா, "சரி, அவளையும் ஏற்றிக்கொள்" என்றார்.