காலிப் போத்தலில் கிறிஸ்துமஸ் வெளிச்சம்



டிசம்பர் பிறந்துவிட்டால் தோட்டத்தில் மழைதான் முதல் விருந்தாளி. விடியலில் மழை பிடித்துக்கொண்டால் மரம் வெட்டு இல்லை. செம்பனைக் காட்டிலும் சேற்றில் குலை இழுப்பது லேசான வேலையல்ல. சம்பளக் கவர் மெலிகின்ற அதே மாதத்தில்தான் கிறிஸ்துமஸும் வருகிறது. பட்டணத்துக் கடைகளில் தொங்கும் மினுக்கு உருண்டைகளைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக்கு ஏம்மா இல்லை?" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

1979-இல் என் அம்மாவுக்கு வந்த கேள்வி இது. "இந்த வருசம் விளக்கு, தோரணம் எதுவும் வேண்டாம், அரிசி கணக்கே முடியவில்லை" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா மறு வார்த்தை பேசவில்லை. அடுப்படிக்குள் போய், அடுக்குப் பலகைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்த காலிப் போத்தல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஹார்லிக்ஸ் கண்ணாடிப் போத்தலில் வந்த காலம் அது. பக்கத்து வீட்டு அத்தை தீபாவளிக்குக் காலியான ஊறுகாய்ப் போத்தல்கள் நான்கைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஆண்டு லயத்திலேயே எங்கள் வாசல்தான் அழகு. அம்மா செய்ததையும், பிறகு நான் கற்றுக்கொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் போத்தலைத் தயார் செய்யுங்கள்

ஜாம், காயா, காப்பித்தூள், ஊறுகாய் வந்த வாயகன்ற போத்தல்களே நல்லவை. சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டால் லேபிள் உரிந்துவிடும். மிச்சமிருக்கும் பசையில் தேங்காய் எண்ணெய் தடவி, பத்து நிமிடம் கழித்துச் சாம்பலால் தேய்த்துக் கழுவுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். குளிர்ந்த போத்தலில் கொதிநீரை ஊற்றவே கூடாது. உட்பக்கம் சூட்டில் சட்டென்று விரியும், வெளிப்பக்கம் அதே வேகத்தில் விரியாது, போத்தல் வெடித்துவிடும். அந்த வருடம் அவசரப்பட்டு நான் அப்படி ஊற்றித்தான் உள்ளங்கையில் மூன்று தையல் வாங்கினேன். தழும்பு இன்னும் இருக்கிறது. விளிம்பில் உடைசல் உண்டா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். பஞ்சால் தடவுங்கள், உடைந்த இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட போத்தல் வேண்டாம்.

பனி பூத்த போத்தல்

நம் நாட்டில் பனி ஏது? மருந்துக் கடையில் எப்சம் உப்பு கேளுங்கள். பேதிக்குக் கொடுப்பார்களே, அதே உப்புதான். அரைக் கிண்ணம் சுடுநீரில் அரைக் கிண்ணம் உப்பைப் போட்டு நன்றாகக் கலக்கி, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் இரண்டு சொட்டு விடுங்கள். சற்று ஆறியதும் பஞ்சால் போத்தலின் வெளிப்பக்கம் தடவிக் காய விடுங்கள். நீர் வற்ற வற்ற உப்பு ஊசி ஊசியாகப் படிந்து, கண்ணாடி மேல் பனி பூத்தது போல் இருக்கும். மழை நாளில் காயத் தாமதமாகும், பொறுமை வேண்டும். பண்டிகை முடிந்ததும் தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

தொங்கவிட வேண்டுமானால், பால் மங்கு தாங்கும் கம்பியில் பழையது கிடைத்தால் போதும். (மரத்தில் இருப்பதைக் கழற்றாதீர்கள்!) போத்தலின் கழுத்தில், மூடி திருகும் இடத்துக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி, மேலே வாளிக் காது போல் வளைத்துவிடுங்கள். உள்ளே பேட்டரியில் எரியும் சின்ன விளக்குச் சரத்தைப் போட்டுத் தொங்கவிடலாம். தொங்கும் போத்தலுக்குள் மெழுகுவர்த்தியோ எண்ணெய் விளக்கோ கூடாது. பலகை வீட்டில் தீ விளையாட்டு வேண்டாம்.

தண்ணீர் விளக்கு

அம்மா வாசற்படியில் வரிசையாக வைத்தது இதைத்தான். போத்தலில் முக்கால் பாகம் தண்ணீர். அடியில் கூழாங்கல் நாலைந்து, விருப்பமானால் செம்பருத்திப் பூ ஒன்று. தண்ணீர் மேல் அரை விரல் கனத்துக்குத் தேங்காய் எண்ணெய். எண்ணெய் நீரைவிட இலேசு, ஆகவே மிதக்கும். தக்கையை வில்லையாக அறுத்து, மேலே ஈயத்தாள் சுற்றி, நடுவில் துளையிட்டுப் பஞ்சுத் திரியைச் செருகி மிதக்க விடுங்கள். திரியின் நுனி மேலே நெல்மணி அளவு தெரிந்தால் போதும்.

எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணீரைத் தொட்டுப் படபடவென்று பொரிந்து அணைந்துவிடும். அதற்காக விளக்கை எரியவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். திரைச்சீலைக்கும் பிள்ளைகளின் கைக்கும் தூரமாகச் சமதரையில் வையுங்கள். மூடி போடக் கூடாது. மண்ணெண்ணெய் ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது சட்டென்று பற்றிக்கொள்ளும்.

மூடிக்குள் குடில்

இது பிள்ளைகளுக்கான வேலை. போத்தலைக் கவிழ்த்தால் மூடி தரையாகும், கண்ணாடி கூரையாகும். மூடியின் உட்புறத்தில் காய்ந்த லாலாங் புல்லைப் பசை போட்டு ஒட்டுங்கள். இரண்டு பங்கு கோதுமை மாவு, ஒரு பங்கு தூள் உப்பு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, குழந்தை இயேசுவையும் மாதாவையும் சூசையப்பரையும் ஓர் ஆட்டுக்குட்டியையும் பிடித்து வையுங்கள். போத்தலின் வாயில் நுழையும் அளவு இருக்கட்டும். நிழலில் நான்கைந்து நாள் நன்றாகக் காய வேண்டும். ஈரமிருந்தால் கண்ணாடி உள்ளே வேர்த்துவிடும், பொம்மையும் பூசணம் பிடிக்கும். காய்ந்தபின் வர்ணம் பூசி ஒட்டி, போத்தலைக் கவிழ்த்துத் திருகிவிடுங்கள். எறும்பும் தூசியும் அண்டாத குடில் தயார்.

கடை உருண்டையின் கதை

பட்டணத்துக் கண்ணாடி உருண்டை பணக்கார வீட்டில் பிறந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லவுஷா என்ற மலை ஊரில், ஏழைக் கண்ணாடித் தொழிலாளர்கள் தங்கள் வீட்டிலேயே ஊதிச் செய்த பொருள் அது. ஆண்கள் ஊத, பெண்களும் பிள்ளைகளும் பூச்சுப் பூசினார்கள். மரத்தில் கட்ட ஆப்பிளும் கொட்டையும் வாங்க வழியில்லாத ஒரு தொழிலாளி, அவற்றைக் கண்ணாடியிலேயே ஊதிக்கொண்டான் என்று ஒரு கதை சொல்வார்கள். இல்லாமையிலிருந்து பிறந்த அழகு! நம் போத்தலும் அதற்குச் சொந்தம்தானே?

பண்டிகை முடிந்த பிறகு

போத்தல்களை வாசலில் மறந்துவிடாதீர்கள். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகப் பறக்கும். டிங்கி காய்ச்சல் நம் பிள்ளைகளைத்தான் தேடி வரும். தண்ணீரைக் கொட்டி, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். அடுத்த ஆண்டுக்கு ஆகும். உடைந்ததைக் காகிதத்தில் சுற்றிப் போடுங்கள். குப்பை அள்ளுபவரின் கையும் கைதானே!

1979-இல், 24-ஆம் தேதி இரவு, தேவாலயத்துப் பாட்டுக் குழு லாரியில் லயத்துக்கு வந்தது. மழை ஓய்ந்திருந்தது. எங்கள் படியில் ஒன்பது விளக்குகள். வேண்டாம் என்று சொன்ன அப்பாதான், குனிந்து ஒவ்வொரு திரியையும் கையால் மறைத்துக் காற்றுப் படாமல் காத்துக்கொண்டிருந்தார். ஊறுகாய்ப் போத்தல் கொடுத்த அத்தையும் தம் பிள்ளைகளோடு வந்து நின்றார். அந்த லயம் இன்று இல்லை; அந்த வெளிச்சம் எனக்கு இன்னும் அணையவில்லை.

இன்றைக்கே அடுப்படி மூலையைத் தேடிப் பாருங்கள். உங்கள் வீட்டு விளக்கும் அங்கேதான் இருக்கிறது.

அனைவருக்கும் இனிய கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்!